ஒரு எட்டு, இரண்டு எட்டான கதை

கொஞ்சம் நீளமான பதிவு. காலைக் காபியோடு உட்கார்ந்தால் முடித்துவிடலாம். கம்ப்யூட்டர் விஷயம்தான், ஆனால் கம்ப்யூட்டரோடு முடிந்துவிடுகிற விஷயம் இல்லை. ஒரே கீபோர்டு, ஒரே மவுஸை வைத்துக்கொண்டு இரண்டு கம்ப்யூட்டரில் வேலை பார்க்கிறவர்களும், அப்படி வேலை வாங்குகிறவர்களும் கடைசி வரை படித்தால் மகிழ்ச்சி.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பழைய மாணவி ஒருத்தி போன் செய்தாள்.

"சார், என்னை ஞாபகம் இருக்கா? டுவெல்த், மூணாவது பெஞ்ச். பிராக்டிகல்ல உங்க ஸ்க்ரூ கேஜை கீழ போட்டேனே!"

ஞாபகம் இல்லாமல் என்ன? அரசின் இலவச லேப்டாப் வாங்கிய ஆரம்ப வருஷப் பிள்ளைகளில் ஒருத்தி. 2011 செப்டம்பர் 15 அன்று எங்கள் திருவள்ளூரை ஒட்டிய காக்களூரில்தான் அந்தத் திட்டத்தைத் தொடங்கி வைத்தார்கள். எங்கள் பள்ளிக்குப் பெட்டிகள் வந்து இறங்கியபோது எண்ணிப் பார்த்துக் கையெழுத்துப் போட்ட ஆசிரியர்களில் நானும் ஒருவன். வீட்டில் மேஜை கிடையாது, தையல் மெஷின் மேல் லேப்டாப்பை வைத்து டைப்பிங் பழகினேன் என்று அந்த வருஷமே சொன்னவள் இவள். அந்த டைப்பிங்தான் இன்று அவளுக்குச் சோறு போடுகிறது. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு சின்ன கம்பெனியில் டிஸ்பேட்ச் செக்‌ஷன். கம்பெனி பெயர் வேண்டாம்.

"மெமோ கொடுத்துட்டாங்க சார். கவனக்குறைவுன்னு எழுதியிருக்காங்க. இன்னொரு தடவை நடந்தா வேலை இல்லைன்னு சொல்லிட்டாங்க. சத்தியமா நான் சரியாத்தான் அடிச்சேன் சார். கம்ப்யூட்டர்தான் தப்பா வாங்குது. யாரும் நம்ப மாட்டேங்கறாங்க."

நடந்தது இதுதான். 50,000 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள சரக்கு வெளி மாநிலம் போனால் இ-வே பில் வேண்டும் என்பது உங்களில் வியாபாரம் செய்கிறவர்களுக்குத் தெரியும். அந்தப் பில்லை உருவாக்கிவிட்டால், வண்டி விவரம் போன்ற ஒரு பகுதியை மாற்றலாமே தவிர, இன்வாய்ஸ் நம்பரைத் திருத்த முடியாது. 24 மணி நேரத்துக்குள் ரத்து செய்துவிட்டுப் புதிதாகத்தான் போட வேண்டும். அன்றைக்கு இன்வாய்ஸ் நம்பர் 1187. இ-வே பில்லில் விழுந்தது 11887. எட்டு ஒன்று, எட்டு இரண்டாகிவிட்டது. லாரி ஆந்திர எல்லை தாண்டியதும் ஒரு சோதனையில் நின்றது. அபராதம் 1,000 ரூபாய். டிரைவர் பாதி நாள் சாலையோரம். வாங்குகிறவர் கம்பெனியிலிருந்து கோபமான போன். எல்லாம் சேர்ந்து இவள் தலையில் இறங்கியது.

மறுவாரம் நேரில் போனேன். திருவள்ளூரிலிருந்து ரயிலில் கும்மிடிப்பூண்டி போவது, நேராகப் பார்த்தால் பக்கத்து வீட்டுக்குத் தெருவைச் சுற்றிப் போகிற கதை. மேற்கு லைனில் ஏறி, பேசின் பிரிட்ஜில் இறங்கி, வடக்கு லைன் வண்டியைப் பிடிக்க வேண்டும். ரிட்டயர்ட் ஆளுக்கு நேரத்துக்கா பஞ்சம்!

முதலாளி மரியாதையான மனிதர். "வாங்க சார், டீ சாப்பிடுங்க. ஆனா மெஷின்ல ஒண்ணும் கோளாறு இல்ல சார். சர்வீஸ் பையன் வந்து பார்த்துட்டுப் போயிட்டான். அவன் அடிச்சா சரியாத்தான் விழுது. இந்தப் பொண்ணுக்குத்தான் கவனம் எங்கயோ இருக்கு" என்றார்.

"அவன் அடிச்சா சரியா விழுது" என்ற வார்த்தையை மனதில் குறித்துக்கொண்டேன். எப்போதாவது மட்டும் வருகிற கோளாறுதான் உலகத்திலேயே மோசமான கோளாறு. முழுதாகக் கெட்டுப்போன சாதனத்தை எல்லோரும் நம்புவார்கள். எப்போதாவது கெடுகிற சாதனத்தை வைத்திருக்கிறவரை ஒருவரும் நம்ப மாட்டார்கள்.

அவள் மேஜையைப் பார்த்தேன். இடது பக்கம் எடைமேடைக் கம்ப்யூட்டர். லாரி ஏறினால் எடை அதில் வரும், வண்டியின் போட்டோவும் அதில் பதிவாகும். வலது பக்கம் டேலி, இ-வே பில் எல்லாம் போடுகிற கம்ப்யூட்டர். நடுவில் ஒரே ஒரு வயர்லெஸ் கீபோர்டு, ஒரு வயர்லெஸ் மவுஸ். இரண்டுக்கும் சேர்த்து ஒரே டாங்கிள், அது இடது கம்ப்யூட்டரின் பின்பக்கம். மவுஸை வலது ஓரத்துக்குத் தள்ளினால் அம்புக்குறி பக்கத்துத் திரைக்குத் தாவிவிடும், கீபோர்டும் கூடவே போய்விடும். அதற்கென்று மென்பொருள் இருக்கிறது. இரண்டு கம்ப்யூட்டரும் ஆபீஸ் வைஃபையில் பேசிக்கொள்கின்றன.

இந்த வசதி புதிதல்ல. சினர்ஜி என்ற மென்பொருள் 2001-லேயே வந்தது. மைக்ரோசாப்ட்டின் மவுஸ் வித்தவுட் பார்டர்ஸ் 2011-ல் வந்தது, 2023 முதல் பவர்டாய்ஸ் தொகுப்பில் கிடைக்கிறது. லாஜிடெக் 2017-லும் ஆப்பிள் 2022-லும் தங்கள் பாணியில் கொண்டுவந்தார்கள். எல்லாமே நல்ல யோசனைகள். அவள் மேஜையில் எது இருந்தது என்பது இங்கே முக்கியமில்லை. கோளாறு எந்த ஒன்றின் தனிக் குணமும் அல்ல என்பதைக் கீழே பார்ப்பீர்கள்.

முதலில் என் தவறைச் சொல்லிவிடுகிறேன். உள்ளே நுழைந்ததுமே நான் தீர்ப்பு எழுதிவிட்டேன். பக்கத்துக் கம்பெனியில் இரும்பு உருக்கும் இண்டக்‌ஷன் ஃபர்னஸ். கும்மிடிப்பூண்டிக்குப் போனவர்களுக்குத் தெரியும், அங்கே அது எத்தனை சாதாரணம் என்று. இத்தனை பெரிய மின்காந்த அடுப்பு பக்கத்திலேயே இருந்தால் வயர்லெஸ் எப்படி ஒழுங்காக வேலை செய்யும் என்று முப்பது வருஷம் இயற்பியல் நடத்திய மனது சொன்னது. முதலாளியிடமும் அப்படியே சொன்னேன்.

அப்படிச் சொன்ன பிறகுதான் யோசித்தேன். அந்த அடுப்புகள் விநாடிக்குச் சில நூறு முதல் சில ஆயிரம் முறை அதிர்கிற மின்சாரத்தில் ஓடுகின்றன. வயர்லெஸ் கீபோர்டு பேசுவது விநாடிக்கு 240 கோடி அதிர்வுகளுக்கு மேல், அதாவது 2.4 கிகாஹெர்ட்ஸில். ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் ஏணி வைத்தாலும் எட்டாது. இருந்தாலும் எண்ணத்தை எண்ணத்தால் தோற்கடிக்கக் கூடாது, கணக்கால் தோற்கடிக்க வேண்டும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லித் தந்தவன் நான். அவளிடம் ஒரு நோட்டுப் புத்தகம் கொடுத்தேன். "ஒரு வாரம், எப்போ தப்பு விழுதோ அப்போ மணி எழுது. என்ன தப்புன்னு எழுது. வேற ஒண்ணும் செய்யாதே" என்றேன்.

ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் நோட்டு பேசியது. அந்த வாரத்தில் இரண்டு நாள், பக்கத்து ஃபர்னஸை லைனிங் மாற்ற நிறுத்தியிருக்கிறார்கள். அந்த இரண்டு நாளும் தவறுகள் வழக்கம்போல விழுந்திருக்கின்றன. ஃபர்னஸ் நிரபராதி. நான்தான் அவசரப்பட்டவன். முதலாளி அவள் மேல் செய்ததை நான் அடுப்பின் மேல் செய்திருக்கிறேன், அவ்வளவுதான் வித்தியாசம்.

இன்னொன்றும் தெரிந்தது. தவறுகள் நாள் முழுவதும் சிதறிக் கிடந்தாலும், 12 மணி முதல் 1 மணிக்குள் கூட்டமாக நின்றன. 12 மணிக்கு என்னம்மா நடக்கிறது என்று கேட்டேன். "பேக்கப் எடுப்போம் சார். வண்டி போட்டோ எல்லாம் ஹார்டு டிஸ்க்ல ஏத்தணும்." ஹார்டு டிஸ்க்கை எங்கே செருகுகிறாள் என்று பார்த்தேன். பின்பக்கம், நீல நிற யுஎஸ்பி 3.0 துளையில். அதற்கு ஒட்டிய துளையில் கீபோர்டின் டாங்கிள்.

இனி சோதனை. எங்கள் ஆய்வகத்தில் ஒரே ஒரு விதிதான்: ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று.

முதல் சோதனை. இடது கம்ப்யூட்டரில் மட்டும், நோட்பேடைத் திறந்து 1234567890 என்று 50 வரி. ஹார்டு டிஸ்க் ஓடிக்கொண்டிருக்கும்போது 9 வரிகளில் தவறு. சில இடத்தில் எண் இரட்டித்தது, சில இடத்தில் எண்ணே இல்லை. டிஸ்க்கைக் கழற்றிவிட்டு இன்னொரு 50 வரி. ஒரு தவறும் இல்லை. டிஸ்க்கைத் திரும்பச் செருகி, டாங்கிளை மட்டும் ஒரு யுஎஸ்பி எக்ஸ்டென்ஷன் கேபிளில் மாட்டி கீபோர்டுக்குப் பக்கத்திலேயே மேஜை மேல் வைத்தோம். 50 வரியும் சுத்தம்.

இது ஏதோ நான் கண்டுபிடித்தது இல்லை. யுஎஸ்பி 3.0 சாதனங்கள் ஓடும்போது அவற்றின் கேபிளிலிருந்தும் இணைப்பிலிருந்தும் கிளம்புகிற வானொலி இரைச்சல், சரியாக இந்த 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டையில் வந்து விழுகிறது என்று இன்டெல் நிறுவனமே 2012-ல் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டது. டாங்கிளைத் தள்ளி வை, கேபிளுக்கு நல்ல கவசம் போடு என்பதுதான் அதன் சாரம். பக்கத்து வகுப்பு வாய்ப்பாடு ஒப்பிக்கும்போது நம் வகுப்பில் கடைசி பெஞ்சுக்குப் பாடம் கேட்காதே, அதே கதை.

எண் ஏன் காணாமல் போகும் என்பது எளிது: செய்தி போய்ச் சேரவில்லை. ஏன் இரட்டிக்கும்? ஒரு விசையை அழுத்தினால் கீபோர்டு இரண்டு செய்தி அனுப்புகிறது. "அழுத்தினாள்" என்று ஒன்று, "விட்டாள்" என்று ஒன்று. முதல் செய்தி போய்ச் சேர்ந்து, இரண்டாவது இரைச்சலில் தடுமாறினால், கம்ப்யூட்டர் என்ன நினைக்கும்? இன்னும் அழுத்திக்கொண்டே இருக்கிறாள் என்று நினைத்து, தானாக இன்னொரு எட்டைப் போடும். விரல் எப்போதோ எடுத்தாகிவிட்டது. கம்ப்யூட்டருக்குத்தான் தகவல் வரவில்லை.

இரண்டாவது சோதனை. டிஸ்க் இல்லை, டாங்கிள் மேஜை மேல். இப்போது வலது கம்ப்யூட்டரில், அதாவது மென்பொருள் வழியாக, அதே வரிகள். காகிதத்தை மட்டும் பார்த்து, திரையைப் பார்க்காமல் 20 வரி அடிக்கச் சொன்னேன். எல்லாம் சரி. திரையைப் பார்த்துக்கொண்டே இன்னொரு 20 வரி அடிக்கச் சொன்னேன். மூன்று வரியில் எண் இரட்டித்தது!

எனக்கே முதலில் விளங்கவில்லை. பக்கத்தில் நின்று பார்த்ததும் விளங்கிவிட்டது. நடுநடுவே திரை ஒரு நொடி உறைகிறது. அவள் 8 அடிக்கிறாள், எண் வரவில்லை. விழவில்லையோ என்று மறுபடி அடிக்கிறாள். அடுத்த நொடி இரண்டு எட்டும் சேர்ந்து வந்து உட்காருகின்றன. இந்த வகை மென்பொருள்கள் சாதாரணமாக எழுத்தைத் தொலைப்பதில்லை, தாமதமாகக் கொண்டுவருகின்றன. அந்தத் தாமதத்தில் மனுஷ கை மறுபடி அழுத்துகிறது. அதாவது, கண்ணை மூடிக்கொண்டு அடித்தால் தவறு இல்லை. கவனமாகத் திரையைப் பார்த்து அடித்தால் தவறு. மெமோவில் எழுதியிருந்த வார்த்தை "கவனக்குறைவு"!

காரணம் வைஃபை. பிங் என்று ஒரு கட்டளை இருக்கிறது. ஒரு கம்ப்யூட்டர் இன்னொன்றைக் கூப்பிட்டு, பதில் வர எத்தனை மில்லி விநாடி ஆகிறது என்று சொல்லும். ஓடவிட்டுப் பார்த்தோம். 2, 3, 2, 4 என்று போய்க்கொண்டே இருந்து திடீரென்று 300, 600. ஒரு தடவை பதிலே இல்லை. அதே ரவுட்டரில் வயர்லெஸ் கேமராக்கள், எல்லோர் போனும். சுற்றுப்பட்ட கம்பெனிகளின் வைஃபை என் போனிலேயே பத்துக்கு மேல் தெரிந்தது. 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டையில் ஒன்றோடு ஒன்று மோதாமல் நிற்கக்கூடிய சேனல்கள் பொதுவாக 1, 6, 11 என்று மூன்றுதான்.

மூன்றாவது சோதனை. இரண்டு கம்ப்யூட்டரையும் ரவுட்டரோடு லேன் கேபிளில் இணைத்தோம். பிங் 1-க்கும் கீழ் போய் நின்றது. திரையைப் பார்த்து அடித்தாலும், காகிதத்தைப் பார்த்து அடித்தாலும் ஒரே மாதிரி சுத்தம்.

இப்போது கணக்குப் போடுங்கள். அவள் ஒரு எட்டை அழுத்தினால், அது கீபோர்டிலிருந்து டாங்கிளுக்குக் காற்றில் போகிறது. அந்தக் கம்ப்யூட்டரிலிருந்து ரவுட்டருக்குக் காற்றில். ரவுட்டரிலிருந்து அடுத்த கம்ப்யூட்டருக்குக் காற்றில். ஒன்றரை அடி தள்ளியிருக்கிற திரைக்குப் போக, ஒரே நெரிசலான சாலையை மூன்று முறை கடக்கிறது. நான் பேசின் பிரிட்ஜ் சுற்றி வந்ததைவிட மோசம்.

லாரி நின்ற அன்று எது எட்டை இரண்டாக்கியது, டாங்கிளா வைஃபையா? இன்று நிரூபிக்க முடியாது. ஆனால் இ-வே பில்லில் உருவாக்கிய நேரம் அச்சாகும் அல்லவா, எடுத்துப் பார்த்தோம். பகல் 12.26. பேக்கப் ஓடிக்கொண்டிருந்த நேரம்.

உங்கள் மேஜையிலும் இந்தத் தொல்லை இருந்தால், இந்த வரிசையில் பாருங்கள். ஒவ்வொன்றாக மட்டும்.

1) முதலில் நோட்டு. எப்போது வருகிறது, அப்போது வேறு என்ன ஓடுகிறது என்று எழுதுங்கள். பேட்டரியையும் மாற்றிவிடுங்கள், அது மலிவான சோதனை.

2) டாங்கிள் செருகிய கம்ப்யூட்டரில் மட்டும் அடித்துப் பாருங்கள். அங்கேயே தவறு வந்தால் மென்பொருளைத் திட்ட வேண்டாம். டாங்கிளை நீலத் துளைக்கும் ஹார்டு டிஸ்க்குக்கும் தள்ளி, எக்ஸ்டென்ஷன் கேபிளில் கீபோர்டின் பக்கத்தில் வையுங்கள்.

3) சற்று நேரம் சும்மா இருந்துவிட்டுத் தொட்டால் மட்டும் முதல் எழுத்துகள் விழவில்லையா? விண்டோஸில் டிவைஸ் மேனேஜருக்குப் போய், மின்சாரம் மிச்சம் பிடிக்க யுஎஸ்பியை அணைத்துக்கொள்ளும் அனுமதியை எடுத்துவிடுங்கள்.

4) அடுத்த கம்ப்யூட்டரில் மட்டும் தடுமாறினால், லேன் கேபிள் போடுங்கள். முடியாவிட்டால் ரவுட்டரில் 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபைக்கு இரண்டையும் மாற்றுங்கள்.

5) காலையில் வந்ததும் இணைப்பே கிடைக்கவில்லை என்றால், ரவுட்டர் ராத்திரியில் கம்ப்யூட்டரின் ஐபி முகவரியை மாற்றியிருக்கும். நிலையான முகவரி கொடுத்துவிடுங்கள். ஃபயர்வாலில் அந்த மென்பொருளுக்கு அனுமதி இருக்கிறதா என்றும் பாருங்கள்.

6) ஏதோ ஒரு குறிப்பிட்ட ஜன்னல் திறந்தால் மட்டும் கீபோர்டு செத்துப்போகிறதா? அந்த நிரல் அட்மினிஸ்ட்ரேட்டர் அதிகாரத்தில் ஓடுகிறது. பகிர்வு மென்பொருளுக்கும் அதே அதிகாரம் வேண்டும்.

7) தமிழ் தட்டச்சு செய்கிறவர்களுக்கு: ஒரு கம்ப்யூட்டரில் தமிழ் 99, இன்னொன்றில் வேறு முறை என்றிருந்தால் எழுத்துகள் குழம்பும். இரண்டிலும் ஒரே விசைப்பலகை அமைப்பை வையுங்கள்.

இவ்வளவும் செய்த பிறகு, என் கருத்தைச் சொல்கிறேன். உடன்படாதவர்கள் கீழே தாராளமாகத் திட்டலாம்.

முதல் கருத்து. எண் காசாக மாறுகிற மேஜையில் கம்பிதான் இருக்க வேண்டும். எடைமேடை, பில்லிங், வங்கி, மருந்துக்கடை, பரிசோதனைக்கூடம், எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். வயர்லெஸ் கெட்டது என்று சொல்லவில்லை. இந்தப் பதிவையே தோள்வலிக்காக சாய்வு நாற்காலியில் சாய்ந்துகொண்டு புளூடூத் கீபோர்டில்தான் அடிக்கிறேன். நான் ஒரு எழுத்தை விட்டால் யார் லாரியும் நிற்காது. அதுதான் வித்தியாசம்.

விலை உயர்ந்ததாக வாங்கினால் சரியாகிவிடுமே என்று கேட்பீர்கள். கொஞ்சம் சரியாகும். ஆனால் அந்தக் காற்று உங்களுடையது இல்லை. 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டையை 2005-ல் மத்திய அரசு உரிமம் இல்லாமல் பயன்படுத்தத் திறந்துவிட்டபோது, விதியிலேயே எழுதிவைத்தார்கள்: இதைப் பகிர்ந்துதான் பயன்படுத்த வேண்டும், அடுத்தவருக்குத் தொல்லை தரக்கூடாது, தனக்குத் தொல்லை என்று பாதுகாப்பும் கோர முடியாது. ஊர் மந்தைவெளி மாதிரி. மாடு மேய்க்கலாம், பந்து விளையாடலாம். அங்கே நகைப்பெட்டியைத் திறந்துவைத்து எண்ணக் கூடாது. நகைப்பெட்டி என்று சும்மா சொல்லவில்லை. 2016-ல் பாஸ்டில் என்ற பாதுகாப்பு நிறுவனம், பல பிரபல டாங்கிள்களுக்குள் வெளியிலிருந்தே போலி விசை அழுத்தங்களை அனுப்ப முடியும் என்று காட்டியது. அதே ஆண்டு, சில மலிவான வயர்லெஸ் கீபோர்டுகள் எழுத்துகளை மறைக்காமல் அப்படியே காற்றில் அனுப்புகின்றன என்றும் காட்டியது. கம்பெனியின் வங்கிக் கடவுச்சொல் அப்படிப் போனால்?

இரண்டு கம்ப்யூட்டருக்கு ஒரு கீபோர்டுதான் வேண்டும் என்றால், கேவிஎம் ஸ்விட்ச் என்று ஒரு சின்னப் பெட்டி கிடைக்கிறது. ஒரு பொத்தானை அழுத்தினால் கம்பி கீபோர்டும் மவுஸும் அடுத்த கம்ப்யூட்டருக்கு மாறும். இல்லாவிட்டால் இரண்டு சாதாரணக் கம்பி கீபோர்டு. கம்பி இருந்தால் ஆபீஸ் பழசாகத் தெரியும் என்று வெட்கப்படாதீர்கள். எடைமேடையே கம்பியில்தான் பேசுகிறது.

இரண்டாவது கருத்து. தவறு நடந்தால் கருவியைச் சோதித்துவிட்டு ஆளிடம் வாருங்கள். நம் வழக்கம் தலைகீழ். சம்பளம் குறைந்தவரை முதலில் சந்தேகப்படுகிறோம், அதிலும் பெண் என்றால் "போனைப் பார்த்துக்கொண்டு இருந்திருப்பாள்" என்று ஒரு வரி சேர்த்துக்கொள்கிறோம். சரிபார்க்க வேண்டியது அவள் கடமை இல்லையா என்று கேட்டால், கடமைதான். அவளும் ஒப்புக்கொள்கிறாள். ஆனால் இதைக் கவனியுங்கள். 2018 செப்டம்பர் 14 தேதியிட்ட ஜிஎஸ்டி சுற்றறிக்கை ஒன்று இருக்கிறது. இன்வாய்ஸ் எண்ணிலோ வண்டி எண்ணிலோ ஒன்றிரண்டு இலக்கம் தவறினால் அதைச் சின்னப் பிழையாக எடுத்துக்கொள்ள வேண்டும், வரி ஏய்ப்பு மாதிரி நடத்தக் கூடாது, மொத்தம் 1,000 ரூபாய் அபராதத்தோடு விட்டுவிட வேண்டும் என்கிறது. வரி வாங்குகிற அரசுக்கே தெரிந்திருக்கிறது, மனிதர் அடிக்கிற எண்ணில் ஓர் இலக்கம் பிசகும் என்று. சட்டம் ஆயிரம் ரூபாயில் முடித்த பிழைக்கு, ஒரு வீட்டின் சம்பளத்தை விலையாகக் கேட்பது என்ன நியாயம்?

மூன்றாவது கருத்து, கொஞ்சம் கசப்பானது. அந்த மேஜையில் முன்பு இரண்டு பேர் இருந்திருக்கிறார்கள். எடைமேடைக்கு ஒருவர், பில்லுக்கு ஒருவர். ஒருவர் படிக்க, ஒருவர் அடிக்க, அங்கேயே சரிபார்ப்பும் நடந்துவிடும். எடைமேடைக்காரர் ஓய்வு பெற்றதும் ஆள் போடவில்லை. மேஜையை நகர்த்தினார்கள், கீபோர்டைப் பகிர்ந்தார்கள். பகிர்ந்தது கீபோர்டு என்று நினைத்தோம். உண்மையில் ஒருத்தி இரண்டாகப் பகிரப்பட்டாள். சின்னக் கம்பெனிகளின் கஷ்டம் எனக்குத் தெரியும், ஆள் போடு என்று கட்டளையிட நான் யார்? ஆனால் இரண்டாவது கண்ணை எடுத்துவிட்டால், அதற்குப் பதிலாக ஏதாவது வைக்க வேண்டும். பில்லை உறுதிசெய்யும் முன் இன்வாய்ஸ் எண்ணை வாய்விட்டுப் படிக்க அரை நிமிஷம் கொடுங்கள். அதற்குப் பின்னால் லாரி ஹாரன் அடித்தாலும் காத்திருக்கட்டும்.

முதலாளியிடம் மூன்று காகிதங்களையும் நோட்டையும் காட்டினேன். டிஸ்க்கைச் செருகி அவரையே அடிக்கச் சொன்னேன். நாலாவது வரியில் அவர் அடித்த 5 இரண்டாக விழுந்தது. சற்று நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "நான் ஒரு தடவைதான் சார் அடிச்சேன்" என்றார். அவள் எனக்குப் போனில் சொன்ன அதே வார்த்தை. நான் சிரிக்கவில்லை, அவளும் சிரிக்கவில்லை.

மெமோவை ரத்து செய்து எழுதிக் கொடுத்தார். பிடித்திருந்த 1,000 ரூபாயை அடுத்த மாதச் சம்பளத்தில் சேர்த்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறார். எடைமேடைக்கு ஆள் போடுவது பற்றி "பார்க்கலாம் சார்" என்றார். அதன் அர்த்தம் உங்களுக்குத் தெரியும், எனக்கும் தெரியும். இப்போது அந்த மேஜையில் இரண்டு கம்பி கீபோர்டுகள். பார்க்க அழகாக இல்லை என்கிறாள். நோட்டுப் புத்தகத்தை மட்டும் நிறுத்தாதே என்று சொல்லிவிட்டு வந்தேன். மூன்று வாரமாக அதில் புதிதாக எழுத ஒன்றும் இல்லையாம்.

உங்கள் ஆபீஸில் இப்படி யாராவது "நான் சரியாத்தான் அடிச்சேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தால், ஒரே ஒரு முறை அவர் நாற்காலியில் நீங்கள் உட்கார்ந்து, அவருடைய நேரத்தில், அவருடைய கீபோர்டில் 50 வரி அடித்துப் பாருங்கள். தவறு விழவில்லை என்றால் பிறகு பேசலாம்.

பயன்படும் என்று தோன்றினால் பகிருங்கள். முக்கியமாக, மெமோ எழுதும் இடத்தில் இருப்பவர்களுக்கு.